உரோமாபுரியும் ஓமந்தூரும்

பதவி ஆசை இல்லாதவன் யார் என்று கேட்டால், மேடைப் பேச்சாளர்கள் உடனே உரோமாபுரிக்குப் போய்விடுவார்கள். சின்சினாட்டசைக் காட்டுவார்கள். கி.மு. 458-இல் பகைவர் உரோமப் படையை வளைத்துக்கொண்டபோது, உழுதுகொண்டிருந்த அவரை அழைத்து வந்து சர்வாதிகாரி ஆக்கினர். பதினாறே நாளில் பகை முடித்தார், பதவியைத் துறந்தார், ஏருக்குத் திரும்பினார். லிவி எழுதி வைத்த கதை இது. உலகம் கைதட்டுகிறது.

நாமும் தட்டலாம். ஆனால், கதையின் பிற்பகுதியை ஏன் விழுங்கிவிடுகிறார்கள்? கி.மு. 439-இல் அதே மனிதரை, தள்ளாத வயதிலே மீண்டும் அழைத்தார்கள். எதற்கு? பஞ்சத்தில் வாடிய ஏழைகளுக்குத் தானியம் வழங்கினானே மேலியசு, அவனை அடக்க! மன்னனாக முயன்றான் என்பது சீமான்கள் சாட்டிய குற்றம். அழைத்ததும் வரவில்லை என்று, தீர்ப்பேதுமின்றி நடுத்தெருவில் வெட்டினர். வெட்டியவனைச் சின்சினாட்டசு பாராட்டினார். ஏழைக்குச் சோறிட்டவன் பிணம். சீமானுக்குக் காவலிருந்தவர் உத்தமர்! அந்த முறையும் அவர் பதவியை விட்டுவிட்டுத்தான் போனார், ஐயா.

நமக்கு உழவர் வேண்டுமென்றால் உரோமாபுரி வரை போவானேன்? திண்டிவனத்துக்குப் பக்கத்திலே இருக்கிறது ஓமந்தூர். அந்த மண்ணின் உழவர் ஓ.பி. இராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். காங்கிரசுக்காரர். நம்மவர் அல்லர். 1948-இல் கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்டவர் அவர். அதே ஆண்டில் இந்தியைப் பள்ளிகளில் புகுத்த, நம் தோழர்கள் மறியல் செய்ததும் அவர் ஆட்சியில்தான். மறக்கவில்லை, மறைக்கவும் மாட்டோம்.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள், தோழர்களே! தாழ்த்தப்பட்டோருக்குக் கோயில் கதவு திறந்த சட்டம் 1947. தேவதாசி முறையை ஒழித்த சட்டம் அதே ஆண்டு. வகுப்புவாரி ஆணையைத் திருத்தி, பதினான்கு இடங்களில் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியாக இரண்டு ஒதுக்கியதும் அப்போதுதான். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். ஓங்கிய கை யார் தலையில் விழுந்தது? ஜமீன்தார் தலையில்! 'தாடியில்லாத இராமசாமி' என்று அவரை ஏளனம் செய்தார்களாம். நம் காதுக்கு அது பாராட்டு.

அவரைக் கவிழ்த்தது எதிர்க்கட்சி அல்ல. சொந்தக் கட்சிக்காரர்கள்! சிபாரிசுக் கடிதத்தோடு வந்த சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அவர் வளைந்து கொடுக்கவில்லை. போதாதா? கோஷ்டி சேர்ந்தது. 1949 ஏப்ரலில் குமாரசாமி ராஜா முதல்வரானார்.

விழுப்புரத்திலிருந்து விருப்ப மனுவோடு தலைநகருக்குப் பஸ் ஏறும் தோழரைக் குறை சொல்ல மாட்டோம். போகட்டும், கேட்கட்டும். பதவியே வேண்டாம் என்பவன் துறவி. கட்சிக்கு அவன் எதற்கு? நாம் அவரிடம் கேட்பது ஒன்றே: கிடைத்தால் யார் மீது கை ஓங்குவீர்? ஜமீன்தார் மீதா, மேலியசின் மீதா?

ஓமந்தூரார் பதவி போன பின் கோஷ்டி கட்டவில்லை. வடலூருக்குப் போனார், வள்ளலார் பணியில் ஈடுபட்டார். 1970 ஆகஸ்டில் மறைந்தார்.