அரங்குக்குள் குடியிருந்த ஊர்

தென் பிரான்சில், ரோன் நதி கடலை நெருங்கி இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆர்ல். கோடையில் அங்கே ஒரு நாள் சுற்ற வாய்த்தால், வெயில் ஏறுவதற்குள் ரோமானிய வட்டரங்கத்துக்குப் போய்விட வேண்டும். ஜூலை மாதத்து நண்பகலில் அந்தச் சுண்ணாம்புக்கல் படிகளில் உட்கார முடியாது.

கி.பி. 90 வாக்கில் கட்டிய அரங்கம் அது. நீளவாக்கில் 136 மீட்டர், இரண்டு அடுக்குகள், அடுக்குக்கு 60 வளைவுகள். சுமார் 20,000 பேர் உட்கார்ந்து வாள்வீரர்களின் சண்டையைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கே முதலில் பார்க்க வேண்டியவை, வளைவுகளுக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும் மூன்று சதுரக் கோபுரங்கள் என்பேன். அவற்றைக் கட்டியவர்கள் ரோமானியர்கள் அல்லர். பேரரசு சரிந்து, எந்தப் பக்கமிருந்து எந்தப் படை வருமோ என்று அஞ்சிய காலத்தில், ஊர்மக்கள் இந்த அரங்கத்துக்குள்ளேயே புகுந்துகொண்டார்கள். வளைவுகளை அடைத்து, நான்கு கோபுரங்கள் எழுப்பி (அவற்றில் ஒன்று இப்போது இல்லை), அதையே கோட்டையாக்கினார்கள். உள்ளே 200-க்கும் மேற்பட்ட வீடுகள், இரண்டு சிற்றாலயங்கள், தெருக்கள். வாள்வீரர்கள் மடிந்த தரையில் நூற்றாண்டுக் கணக்கில் அடுப்பெரிந்தது, தொட்டில் ஆடியது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில்தான் வீடுகளை வாங்கி இடித்து அரங்கத்தை வெளியே எடுத்தார்கள். உலகமே வியக்கும் ஒரு கட்டடம் நிலைத்ததற்கு அதைக் காவல் காத்த அதிகாரிகள் காரணமில்லை. போக இடமில்லாமல் அதற்குள் வாழ்ந்த எளிய ஜனங்களே காரணம் என்று நான் நம்புகிறேன்.

1830-இல் அங்கே காளைகள் வந்தன. இன்றும் வருகின்றன. ஈஸ்டரிலும் செப்டம்பரிலும் ஸ்பானிய முறையில் காளையைக் கொல்லும் சண்டை நடக்கிறது. அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கோடையில் நடக்கும் கமார்க் ஆட்டம் வேறு. பக்கத்துக் கமார்க் சதுப்பு நிலத்தில் வளர்ந்த கரிய காளை, கொம்புகளுக்கிடையே கட்டிய சிறு துணித்துண்டு, அதைக் கையிலுள்ள கொக்கியால் பறிக்க ஓடும் வெள்ளுடை இளைஞர்கள். துரத்தும் காளைக்குத் தப்பித் தடுப்பைத் தாண்டிக் குதிக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் காளை மேய்ச்சலுக்குத் திரும்புகிறது. நல்ல காளைக்கு ஊர் ஊராக ரசிகர்கள் உண்டு.

பக்கத்திலேயே இருக்கும் நாடக அரங்கத்துக்கு வட்டரங்கத்தின் அதிர்ஷ்டம் இல்லை. 5-ஆம் நூற்றாண்டு முதலே அதன் கற்களைப் பெயர்த்துத் தேவாலயங்களுக்குக் கொண்டுபோனார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த தூண்களில் இரண்டுதான் முழு உயரத்தில் நிற்கின்றன. 1651-இல் அங்கே மண்ணுக்கடியில் கிடைத்த வீனஸ் சிலையைப் பின்னர் 14-ஆம் லூயி மன்னருக்குக் கொடுத்துவிட்டார்கள். அது இப்போது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உச்சி வெயிலுக்கு ஊரே கதவுப் பலகைகளைச் சாத்திக்கொள்ளும். அப்போது நகர்மன்றக் கட்டடத்தின் வழியாகப் படியிறங்கினால், பழைய ரோமானியச் சதுக்கத்தைத் தாங்குவதற்காகக் கட்டிய நிலத்தடிக் கூடங்களுக்குப் போகலாம். மேலே தகிக்கும், கீழே ஈரக்குளிர்ச்சி.

பிற்பகலை நதியோரத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். இந்த ஊரில் ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால், நான் சொல்வது அங்குள்ள படகைத்தான். 31 மீட்டர் நீளமுள்ள தட்டை அடிப் படகு. கி.பி. முதல் நூற்றாண்டில் கட்டடக் கற்களை ஏற்றிக்கொண்டு ரோன் நதியில் மூழ்கியது. நதியின் சேறு மூடிக்கொண்டதால் மரம் மக்கவில்லை. 2004-இல் கண்டுபிடித்து, 2011-இல் துண்டுதுண்டாக அறுத்து மேலே எடுத்து, மரத்தைப் பதப்படுத்தி, 2013-இல் பழையபடி பொருத்தி வைத்தார்கள். படகு செய்த தச்சன் பலகைகளுக்கு நடுவே ஒரு வெள்ளிக்காசைச் செருகிவைத்திருக்கிறான், பயணம் நல்லபடியாக நடக்கட்டும் என்று. படகோட்டிகள் பெரிய தாழி ஒன்றின் அடிப்பாகத்தை அடுப்பாக்கிச் சமைத்திருக்கிறார்கள். அந்த அடுப்பில் கரியும் கிடந்தது. சீசர் காலத்து ஆர்ல் பற்றி எத்தனையோ நூல்கள் உண்டு, கி.மு. 49-இல் மார்சேயை முற்றுகையிட அவர் இங்கேதான் 12 கப்பல்கள் கட்டச்செய்தார். ஆனால் பேரில்லாத அந்தப் படகோட்டிகளின் அடுப்புக்கு முன் நிற்கும்போது நெஞ்சில் வருவதை எந்த நூலும் தந்ததில்லை.

மாலையில் ஓவியர் வான்கோவைத் தேடலாம். 1888 பிப்ரவரியில் இங்கே வந்து 1889 மே மாதம் போனார். அந்தப் பதினைந்து மாதத்தில் சுமார் 200 ஓவியங்கள். அவர் குடியிருந்த மஞ்சள் வீடு 1944-இல் குண்டுவீச்சில் போய்விட்டது. இரவில் அவர் வரைந்த காபிக்கடையின் கட்டடம் ஒரு சதுக்கத்தில் இன்னும் இருக்கிறது. ஓவியத்தில் மஞ்சளாகத் தெரிவது விளக்கு வெளிச்சம். பிற்காலத்தில் சுவருக்கே மஞ்சள் பூசிவிட்டார்கள். அதே சதுக்கத்தில் ஓர் ஓட்டலின் சுவரோடு ஒட்டி நிற்கும் இரண்டு ரோமானியத் தூண்களைக் கவனிக்காமல் பலரும் கடந்துபோகிறார்கள்.

காதை அறுத்துக்கொண்ட பின் வான்கோவைச் சேர்த்த மருத்துவமனையின் முற்றத்தை, அவர் வரைந்தபடியே பூச்செடிகள் நட்டு வைத்திருக்கிறார்கள். அந்த மனிதரை ஊருக்குள் விடாமல் அடைத்துவைக்க வேண்டும் என்று 1889-இல் அக்கம்பக்கத்தார் முப்பது பேர் கையெழுத்திட்டு மேயருக்கு மனு கொடுத்தார்கள் என்பதையும் அந்த முற்றத்தில் நின்று நினைக்க வேண்டும். அவர் ஓவியம் ஒன்றைக்கூட இந்த ஊர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. 2014-இல் திறந்த வான்கோ அறக்கட்டளைக் கூடத்தில், வெளியிலிருந்து இரவல் வாங்கித்தான் காட்டுகிறார்கள்.

ஜூன் கடைசியில் ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும். அதற்குப் பிறகும் ஊர் தூங்காது, குறிப்பாக ஜூலை தொடக்கத்தில். 1970 முதல் நடக்கும் புகைப்படத் திருவிழா அப்போதுதான் தொடங்குகிறது. பழைய தேவாலயங்களிலும், ரயில்வே பட்டறைகளாக இருந்த கூடங்களிலும் படங்களை மாட்டியிருப்பார்கள். அந்தப் பட்டறை வளாகத்தில்தான் கட்டடக் கலைஞர் பிராங்க் கெரி வடிவமைத்த 56 மீட்டர் எஃகுக் கோபுரம் 2021 முதல் மினுங்கிக்கொண்டு நிற்கிறது. முதல் வார இரவுகளில், கல் களவுபோன அதே நாடக அரங்கத்தில் திரை கட்டிப் படங்களைக் காட்டுகிறார்கள். அந்த வாரத்தில் போகிறவர்கள் தங்குமிடத்தை வெகு முன்னதாகவே பிடித்துவைப்பது நல்லது.