15 வருஷம் ஓடிய பைக்குக்கு எப்.சி. பாஸ் ஆகுமா? திருப்பி அனுப்ப வைக்கும் சின்னச் சின்ன கோளாறுகள்

வண்டி ஜம்முனு ஓடுது. மலை ஏறுது, மூட்டை சுமக்குது, கிக்கரை ரெண்டு மிதி மிதிச்சா ஸ்டார்ட் ஆகுது. அப்புறம் எதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு கொண்டு போகணும்? பழைய டூவீலர் வைத்திருக்கும் பலரும் கேட்கும் கேள்வி இது. போலீஸ் சோதனையில் மாட்டும்போதோ, விபத்தில் சிக்கும்போதோதான் ஆர்.சி. புக் காலாவதியானதே பலருக்கு தெரியவருகிறது.

நம்ம ஊரில் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் டூவீலருக்கு பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 41 இதைத்தான் சொல்கிறது. அதன் பிறகு வண்டியை காட்டி, தகுதி இருக்கிறது என்று பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) சொன்னால் மேலும் 5 ஆண்டுக்கு புதுப்பித்துத் தருவார்கள். அந்த 5 ஆண்டு முடிந்ததும் மறுபடியும் காட்ட வேண்டும். இதைத்தான் மக்கள் பேச்சுவழக்கில் 'டூவீலருக்கு எப்.சி. எடுக்கிறது' என்கிறார்கள்.

மலைக்காட்டு பைக்குகளின் முறை வந்தாச்சு

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. வால்பாறை ரோட்டில் 40. கல்லட்டி மலைப்பாதையில் 36. இப்படிப்பட்ட ரோட்டிலும், அதற்கு அப்பால் தோட்டத்துக்குள் போகும் மண் பாதையிலும் இன்றைக்கும் பழைய வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆர்.எக்ஸ். 100, யெஸ்டி, ராஜ்தூத், மேக்ஸ் 100, புல்லட் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ராசியான வண்டி.

கரடுமுரடான பாதைக்கென்றே உயரமான சஸ்பென்ஷனோடு ஹீரோ நிறுவனம் 2011-ல் விட்ட வண்டி 'இம்பல்ஸ்'. 149 சிசி. சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றுபோனாலும், வாங்கியவர்கள் லேசில் விடவில்லை. 2011-ல் பதிவான இம்பல்சுக்கு 2026-ல் 15 ஆண்டு முடிகிறது. அதனால் இந்த வகை 'டிரெயில்' பைக்குகளும் வரிசையாக ஆய்வுக்கு வரும் காலம் இது.

வயசு பார்த்து பெயில் போட மாட்டாங்க

முதலில் ஒரு பயத்தை போக்கிவிடலாம். '15 வருஷம் ஆனா வண்டியை உடைச்சுடுவாங்களாமே' என்று டீக்கடையில் பேசிக்கொள்வது உண்டு. இது ரெண்டு மூணு செய்தி ஒன்றாக கலந்துபோனதால் வந்த குழப்பம். டெல்லி சுற்றுவட்டாரத்தில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்று பசுமை தீர்ப்பாயம் போட்ட உத்தரவை 2018-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. அது டெல்லி சமாச்சாரம். 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படாது என்று மத்திய அரசு சொன்னது. அது அரசு வண்டிகளுக்கு. தமிழ்நாட்டில் தனியார் டூவீலரை வயசை மட்டும் காரணம் காட்டி ஒதுக்குவதில்லை. ஆய்வில் பாஸ் ஆனால் ஓட்டலாம்.

அதேபோல, இன்றைய வண்டியில் இருப்பதெல்லாம் பழைய வண்டியில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஏ.பி.எஸ். பிரேக்கும், பகலிலும் தானாக எரியும் ஹெட்லைட்டும் பின்னாளில் வந்த விதிகள். உங்கள் வண்டி தயாரான காலத்து விதிப்படி இருந்தால் போதும்.

இங்கிலாந்து கணக்கு சொல்லும் பாடம்

இங்கிலாந்தில் பைக்குக்கு 3 வயசு ஆனதுமே வருஷா வருஷம் ஆய்வு கட்டாயம். 'எம்.ஓ.டி.' என்பார்கள். ஒவ்வொரு ஆய்வின் முடிவையும் அந்த நாட்டு அரசு கணக்கு எடுத்து வெளியிடுகிறது. முதல் தடவையிலேயே பெயில் ஆகும் பைக்குகள் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவுதான். கார்களைவிட இது குறைவு. பெயிலுக்கு காரணம் என்று பார்த்தால் முதலிடம் இன்ஜினுக்கு இல்லை. ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட் மாதிரியான விளக்கு கோளாறுகளுக்குத்தான். பிரேக், டயர், சஸ்பென்ஷன் எல்லாம் அதற்கு அடுத்து வருகின்றன.

அங்கே வருஷத்துக்கு ஒரு முறை பார்ப்பதால் கோளாறு சின்னதாக இருக்கும்போதே பிடிபட்டுவிடுகிறது. இங்கே 15 வருஷம் கழித்து முதல் ஆய்வு. அத்தனை வருஷ அலட்சியமும் ஒரே நாளில் வெளியே வரும். சொல்லப்போனால் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பதற்கு முன்னால் நாமே ஒரு முறை பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

எதையெல்லாம் பார்ப்பாங்க?

சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர்: ஆர்.சி.யில் உள்ளதும் வண்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். மண் பாதையில் ஓடும் வண்டியில் சேறு படிந்து, துரு ஏறி நம்பரே தெரியாமல் போயிருக்கும். மண்ணெண்ணெய் தொட்டு துணியால் துடைக்கலாம். உப்புத்தாள் போட்டு தேய்க்கக் கூடாது. எழுத்து அழிந்தால் அதுவே சந்தேகத்தை கிளப்பும். இன்ஜின் மாற்றியிருந்தால் ஆர்.சி.யில் முதலில் பதிய வேண்டும்.

விளக்குகள்: ஹை பீம், லோ பீம், நாலு இண்டிகேட்டர், டெயில் லைட், நம்பர் பிளேட் லைட், பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர். முன் பிரேக் பிடித்தாலும், பின் பிரேக் மிதித்தாலும் பிரேக் லைட் எரிய வேண்டும். கீழே விழுந்து எழுந்த வண்டிகளில் இண்டிகேட்டர்தான் முதலில் உடையும். 'கை காட்டிக்கலாம்' என்று அப்படியே ஓட்டியவர்கள்தான் வரிசையில் நின்று திரும்பி வருகிறார்கள்.

பிரேக்: முன்னும் பின்னும் தனித்தனியாக பிடிக்க வேண்டும். டிரம் பிரேக்கில் பின் பிரேக்கை மிதிக்கும்போது, டிரம்மில் உள்ள ஆர்மும் ராடும் 90 டிகிரியை தாண்டி மடங்கினால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ராடை மட்டும் முறுக்கி ஏற்றிக்கொண்டே போவது தீர்வு இல்லை. ஷூ மாற்றணும்.

டயர்: டூவீலர் டயரில் பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்கு குறையக் கூடாது என்பது விதி. நடுவில் மொழுமொழு என்று இருந்தால் அளந்து பார்க்கவே தேவையில்லை.

போர்க், கோன் செட்: மலைப்பாதையில் குதித்துக் குதித்து ஓடும் வண்டியின் பலவீனமே இங்கேதான். போர்க் ஆயில் சீல் போனால் எண்ணெய் வழிந்து டிஸ்க்கில் இறங்கும். அப்புறம் பிரேக் எங்கே பிடிக்கும்? சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தை தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாக திருப்பிப் பாருங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று சிக்கினால் கோன் செட் போயாச்சு. பின் சக்கரத்தை பிடித்து பக்கவாட்டில் ஆட்டும்போது ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் வீல் பேரிங்கையும் பார்க்க வேண்டும். ஸ்போக்ஸை ஸ்பானரால் தட்டினால் 'டிங்' என்று கேட்கணும். 'டொக்' என்று கேட்டால் லூஸ்.

கழற்றி வைத்த சாமான்கள்: காட்டுப் பாதைக்கு வசதி என்று மட்கார்டு, கண்ணாடி, சாரி கார்டு எல்லாவற்றையும் கழற்றி வீட்டு மூலையில் போட்டிருப்பார்கள். பின்னால் உட்காருபவர் பிடிக்க கைப்பிடி, கால் வைக்க புட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் துணி சிக்காதபடி பாதி சக்கரத்தையாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. பின்னால் உட்காருவது நம்ம வீட்டுப் பெண்கள்தானே. சேலை முந்தானையோ துப்பட்டாவோ சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சைலன்சர், ஹாரன்: 'டபடப' சத்தத்துக்காக மாற்றிய சைலன்சர், பல ராகம் பாடும் ஹாரன் ரெண்டும் கூடாது. கம்பெனி சைலன்சரை தேடிப் பிடித்து மாட்டிக்கொண்டு போவதுதான் வழி.

புகை டெஸ்ட்டில் என்ன ரகசியம்?

புகை சர்டிபிகேட் இல்லாமல் எதுவும் நகராது. இதிலும் வண்டியின் காலம் பார்த்துத்தான் அளவு. 2000 மார்ச் 31-க்கு முன் தயாரான டூவீலருக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். வரை அனுமதி உண்டு. 1996-ம் ஆண்டோடு நின்றுபோன ஆர்.எக்ஸ். 100 இந்த கணக்கில் வரும். 2011 மாடல் 4 ஸ்ட்ரோக் வண்டிக்கு 3.5 சதவீதம், 4,500 பி.பி.எம். என்று கொஞ்சம் இறுக்கம்.

கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகமாக இறங்கினால் மோனாக்சைடு ஏறும். பிளக் சரியாக எரியாமல் மிஸ்ஸிங் ஆனால் ஹைட்ரோகார்பன் ஏறும். 2 ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் பம்ப் செட்டிங் தப்பினால் ஊரே தெரியும்படி புகை. அதனால் டெஸ்ட்டுக்கு போகும் முன் ஏர் பில்டர், பிளக், கார்புரேட்டர் மூன்றையும் சுத்தம் செய்து, வண்டியை ஒரு நாலைந்து கிலோ மீட்டர் ஓட்டி இன்ஜின் சூடான பிறகு காட்டுங்கள். பழைய வண்டிகளுக்கு, அதாவது பி.எஸ்.3 வரைக்கும், இந்த சர்டிபிகேட் 6 மாதம்தான் செல்லும்.

பணம் எவ்வளவு ஆகும்?

டூவீலர் பதிவை புதுப்பிக்க 2022 ஏப்ரல் 1-க்கு முன் 300 ரூபாய். அன்று முதல் அது 1,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய டூவீலருக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். இதோடு தமிழ்நாட்டில் பசுமை வரி தனி.

அசத்துவது தாமத கட்டணம்தான். மத்திய விதிப்படி, தவறவிட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய். 2 வருஷம் சும்மா இருந்தால் 7,200 ரூபாய். பழைய வண்டியை விற்றாலும் அவ்வளவு கிடைக்குமா என்று யோசிக்கும் நிலை வந்துவிடும். காலாவதி தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

பரிவாகன் இணையதளத்தில் படிவம் 25-ல் விண்ணப்பித்து, பணம் கட்டி, தேதி வாங்கி, வண்டியோடு போக வேண்டும். ஒரிஜினல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட், முகவரி சான்று கையில் இருக்கட்டும்.

வண்டி யார் பேரில்?

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அப்பா வாங்கிய வண்டி, அப்பா காலமாகி வருஷக்கணக்கு ஆச்சு, ஆர்.சி. இன்னும் அவர் பேரில். அல்லது மூணு கை மாறி வந்த வண்டி, முதல் ஓனர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. ஓனர் இறந்திருந்தால் வாரிசு படிவம் 31 மூலமும், விலைக்கு வாங்கியிருந்தால் படிவம் 29, 30 மூலமும் பெயர் மாற்ற வேண்டும். வண்டி கண்டிஷனாக இருந்தும் பேப்பர் இல்லாததால் வாசலிலேயே நிற்க வேண்டி வரும். பைனான்ஸ் கடன் முடிந்திருந்தால் அதையும் ஆர்.சி.யில் ரத்து செய்துவிடுங்கள்.

புதுப்பிக்காமல் ஓட்டினால்?

காலாவதியான ஆர்.சி.யோடு ரோட்டில் இறங்கினால், பதிவே இல்லாத வண்டி ஓட்டியதாகத்தான் சட்டம் பார்க்கும். பிரிவு 192-ன்படி முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி சிக்கினால் 10,000 வரை போகும், ஓராண்டு வரை சிறைக்கும் இடம் உண்டு.

அபராதத்தைக்கூட கட்டிவிடலாம். இன்சூரன்ஸ் விஷயம்தான் வயிற்றில் அடிக்கும். தற்காலிக பதிவு காலாவதியான ஒரு வண்டி விபத்தில் சிக்கியபோது, பதிவு இல்லாமல் ஓட்டியதே அடிப்படை மீறல் என்று சொல்லி, வண்டி சேதத்துக்கான இழப்பீட்டை சுப்ரீம் கோர்ட் 2014-ல் மறுத்தது. வருஷா வருஷம் பிரீமியம் கட்டியும் ஆபத்து நேரத்தில் கைவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? தினக்கூலிக்கு போகிறவர் வீட்டில் அந்த ஒரு வண்டிதானே சம்பாத்தியமே.

பெயில் ஆனா கதை முடிஞ்சுதா?

இல்லை. சொன்ன குறையை சரி செய்து மறுபடியும் காட்டலாம். புதுப்பிக்கவே முடியாது என்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் பிரிவு 45. அந்த உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது பிரிவு 57. எழுதி வாங்காமல் திரும்பி வந்துவிட்டு, 'நம்மள அலைய விடறாங்க' என்று புலம்புவதில் பலன் இல்லை.

செலவு கட்டுப்படியாகாது, வண்டி இனி தேறாது என்றால் சும்மா பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு தெரிவித்து பதிவை ரத்து செய்ய வேண்டும். உங்கள் நம்பரை வேறு எவனோ வேறு வண்டியில் மாட்டிக்கொண்டு திரிந்தால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

ஆக, பழைய பைக் ஆய்வில் பாஸ் ஆகுமா என்றால், பராமரித்த வண்டி நிச்சயம் ஆகும். நூறு, இருநூறு ரூபாய் பல்பு, சுவிட்ச், கண்ணாடிதான் பெரும்பாலும் திருப்பி அனுப்ப வைக்கிறது. இன்றைக்கே ஆர்.சி.யை எடுத்து எந்த தேதி வரைக்கும் செல்லும் என்று பாருங்கள். இன்னும் ரெண்டு மாசம் இருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள். தேதி தாண்டியிருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு முதல் வேலையாக விண்ணப்பம் போடுங்கள். ஒவ்வொரு மாசமும் 300 ரூபாய் ஏறிக்கொண்டிருக்கிறது.