சிஸ்டர் சொல்வதைக் கேளுங்கள்

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த நோயாளியின் நிலை மோசமாவது பெரும்பாலும் திடீரென்று நடப்பதில்லை. இதயம் நின்றுபோவதற்குப் பல மணி நேரம் முன்பே உடல் அறிகுறி காட்டத் தொடங்கிவிடும். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டிய மூச்சு 24, 26 என்று ஏறும். கை கால் சில்லிடும். காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் சற்றுக் குழம்பிப் பேசுவார். ரத்த அழுத்தமோ அப்போதும் சரியாகவே இருக்கலாம். துடிப்பைக் கூட்டியும் ரத்தக் குழாய்களைச் சுருக்கியும் உடல் சமாளித்துக்கொண்டிருக்கும். சமாளிக்க முடியாதபோதுதான் அழுத்தம் விழும். அதற்குள் பொன்னான நேரம் போயிருக்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவது நாளுக்கு ஓரிரு முறை. மற்ற நேரமெல்லாம் நோயாளியின் அருகில் இருப்பவர் செவிலியர். ஊசி போடுவதும் டிரிப் மாற்றுவதும்தான் அவர் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், இந்தச் சிறு மாற்றங்களில் எது ஆபத்தின் தொடக்கம் என்று கண்டுபிடிப்பதே அவருடைய தொழிலின் உயிர்நாடி. அந்தத் தீர்ப்பை மருத்துவ அறிவாக மதித்து, அதற்கு வேண்டிய நேரத்தையும் அதிகாரத்தையும் கொடுத்தால் உயிர்கள் பிழைக்கும்.

இதையெல்லாம் கருவி பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையே எடுத்துக்கொள்வோம். முகமூடி வழியே ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு திணறத் தொடங்கிய பிறகும் அது நல்ல எண்ணையே காட்டக்கூடும். மார்பு ஏறி இறங்குவதை முழு நிமிடம் நின்று எண்ணுபவருக்குத்தான் உண்மை தெரியும். ‘ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது’ என்பது வெறும் உள்ளுணர்வுதானே என்பது அடுத்த கேள்வி. ஆஸ்திரேலியாவின் லிவர்பூல் மருத்துவமனை 1990-இல் அவசர மருத்துவக் குழுவைத் தொடங்கியபோது, அளவுகள் எப்படியிருந்தாலும் ஊழியருக்குக் கடும் கவலை ஏற்பட்டாலே குழுவை அழைக்கலாம் என்று விதித்தது. பின்னர் நெதர்லாந்து ஆய்வாளர்கள் செவிலியர்களின் அந்தக் கவலையைப் பகுத்துப் பார்த்தார்கள். மூச்சிலும் ரத்த ஓட்டத்திலும் மாற்றம், நடுக்கம், மனக்குழப்பம், அமைதியின்மை, எதிர்பார்த்தபடி தேறாமை என்று அது கவனிக்கத்தக்க அறிகுறிகளாகவே பிரிந்தது. நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துச் சேர்ந்த அறிவு அது; சொல்லாக வருமுன் சந்தேகமாக வருகிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரே செவிலியர் முப்பது, நாற்பது பேரைப் பார்த்தால் யாருடைய மூச்சை எண்ணுவார்? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட முடிவு இது: செவிலியர் ஒருவருக்குக் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. வசதியான மருத்துவமனைகளில் செவிலியரும் அதிகம் இருப்பார்கள், அதனால்தான் இந்த வேறுபாடு என்று மறுக்க இடமுண்டு. அந்த மறுப்புக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பதில் கிடைத்தது. பகலில் நான்கு நோயாளிக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று 2016-இல் அங்கே சட்டம் வந்தது. சட்டத்துக்குள் வந்த 27 மருத்துவமனைகளை வராத 28 மருத்துவமனைகளுடன் ஒப்பிட்டபோது, இறப்பு குறைந்திருந்தது; மீண்டும் அனுமதியாவது மற்றவற்றில் கூடியபோதும் இவற்றில் கூடவில்லை. பணத்துக்கு எங்கே போவது என்பவர்களுக்கும் அதே ஆய்வு பதில் சொல்கிறது: கூடுதல் சம்பளத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல் செலவு மிச்சமாயிற்று.

நேரம் மட்டும் போதாது, செயல்படும் உரிமையும் வேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்த ‘ஈ-மோட்டிவ்’ ஆய்வு 2023-இல் வெளியானது. பிரசவத்தில் வெளியேறும் ரத்தத்தை அளவு குறித்த விரிப்பில் சேகரித்து, எல்லை தாண்டியதும் கருப்பையை நீவிவிடுவது, மருந்து, திரவம் என எல்லாவற்றையும் பிரசவம் பார்ப்பவர்களே உடனே தொடங்கினார்கள். கடும் ரத்தப்போக்கு உள்ளிட்ட மோசமான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. நிலையத்துக்கு மூன்று செவிலியர்களை நம்பி ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் திறந்துவைத்த தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் அந்நியமல்ல. முதல் மருந்தைத் தொடங்க எழுத்துபூர்வமான அனுமதியும், டூட்டி டாக்டரைக் கூப்பிட்டால் கடிந்துகொள்ளப்பட மாட்டோம் என்ற உறுதியும் ஒவ்வொரு வார்டிலும் செவிலியருக்கு வேண்டும். நோயாளியின் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அப்பா நேற்றுபோல் இல்லை என்று தோன்றினால் தயங்காமல் சிஸ்டரிடம் சொல்லுங்கள், அவர் வந்து மூச்சை எண்ணும்போது நடுவில் பேச்சுக் கொடுக்காதீர்கள்.