வாரு யானைப்படை: அதன் பலம் எங்கே இருக்கிறது?

'சிவிலைசேஷன் 6' விளையாடும் மாணவர் உங்கள் வகுப்பில் இருந்தால், அதில் இந்தியாவுக்கு மட்டும் கிடைக்கும் 'வாரு' யானைப்படையைப் பற்றி விளக்கி எழுதச் சொல்லிப் பாருங்கள். "அது ரொம்ப ஸ்ட்ராங், டீச்சர்" என்றுதான் முதலில் பதில் வரும். அது கருத்து, விளக்கம் இல்லை. எதனால் பலம், எந்த நேரத்தில் பலம், யாருக்குப் பலம் என்று சொன்னால்தான் விளக்கக் கட்டுரை.

2016இல் வந்த இந்த விளையாட்டில் இரு தரப்பும் மாறி மாறித்தான் காய் நகர்த்த வேண்டும். சதுரங்கம் மாதிரிதான், ஆனால் கட்டங்கள் அறுகோணம். எல்லா நாட்டுக்கும் பொதுவான படைகள் உண்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சிறப்புப் படையும் உண்டு. (முதலில் வந்தபோது இந்தியாவின் தலைவர் காந்தி. அவர் கையில் போர் யானை! மாணவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.)

வாருவின் போர்வலிமை 40. குதிரைவீரர் ஒரு முறையில் 4 கட்டம் ஓடுவார். வாரு 2 கட்டம்தான். அப்புறம் என்ன சிறப்பு? அதை ஒட்டிய கட்டங்களில் நிற்கும் எதிரிப் படை ஒவ்வொன்றுக்கும் வலிமையில் 5 குறையும். பக்கத்தில் இரண்டு வாரு இருந்தால் 10 குறையும்.

ஐந்துதானே என்று நினைக்காதீர்கள். ஒரு படையின் முழு உயிர் 100. சமவலிமை உள்ள இருவர் மோதினால் இருவருக்குமே சுமார் 30 சேதம். வித்தியாசம் 10 ஆனால், எதிரிக்குச் சுமார் 45, நமக்குச் சுமார் 20. அதாவது, இரண்டு மோதலிலேயே எதிரி சாகும் நிலைக்கு வந்துவிடுவான். இந்தப் பலன் யானைக்கு மட்டும் இல்லை. பக்கத்தில் நிற்கும் உங்கள் வாள்வீரர் அடித்தாலும், பின்னால் நிற்கும் வில்லாளி எய்தாலும், அடி வாங்குவது அதே தளர்ந்த எதிரிதான். என்னைக் கேட்டால், வாரு அடிப்பதைவிட வாரு நிற்கும் இடம்தான் முக்கியம்.

ஈட்டிவீரரைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். குதிரை, யானைப் படைகளுக்கு எதிராக அவருக்கு 10 கூடும், உண்மைதான். ஆனால் இரண்டு வாரு ஒட்டி நின்றால் அந்தப் பத்து அப்படியே கழிந்துபோகும். தனி யானையை அனுப்பினால் இந்தக் கணக்கு நடக்காது. இரண்டு கட்டம் தள்ளி நின்று எய்யும் வில்லாளியிடமும் நடக்காது, ஏனென்றால் அவர் யானையை ஒட்டி இல்லை. கவசக் குதிரைவீரர்கள் வரும் காலத்தில் 40 என்பது சின்ன எண் ஆகிவிடும். ஆகவே போர் செய்வதென்றால் அதற்கு முன்பே.

வகுப்பில் கொடுக்க ஒரு பயிற்சி: எதிரியிடம் ஈட்டிவீரர் இருவர், வில்லாளி ஒருவர். உங்களிடம் வாரு இரண்டு, வாள்வீரர் ஒருவர். முதலில் யாரை, எந்தக் கட்டத்துக்கு நகர்த்துவீர்கள்? 'ஏனெனில்', 'ஆகவே', 'இல்லாவிட்டால்' மூன்றும் வரும்படி ஐந்து வாக்கியங்களில் எழுதவும்.