இழைமணியைத் தேடாதே பிள்ளை

"சேர், இழைமணியைக் காணேல்லை." முதன்முதலாக நுணுக்குக்காட்டியில் கண் வைக்கும் உயர்தர மாணவர்கள் அநேகமாக இதைத்தான் சொல்வார்கள். வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். பிழை பிள்ளைகளில் இல்லை. படத்தை மனப்பாடம் செய்யவைத்த பிறகுதான் நாங்கள் கலத்தைக் காட்டுகிறோம். அந்தப் படத்தில் உள்ள பாதி விஷயம் இலத்திரன் நுணுக்குக்காட்டி காட்டியது. 1931இல் ஜேர்மனியில் ருஸ்காவும் நொல்லும் உருவாக்கிய கருவியின் வாரிசு அது. பள்ளிக்கூடத்து ஒளி நுணுக்குக்காட்டி 400 மடங்கு பெருப்பிக்கும். அதில், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியின் உள்மடிப்புகளைத் தேடுவது வீண்வேலை.

தெரிகிறதைப் பார்ப்போம். சின்ன வெங்காயத்தின் சதைப்பற்றான இதழொன்றில், வெளிப்புறத்து ஊதாத் தோலை மெல்ல உரித்தெடுங்கள். வழுக்கியில் ஒரு துளி தண்ணீரில் விரித்து மூடித்துண்டால் மூடுங்கள். செங்கல் அடுக்கினதுபோல் கலங்கள் தெரியும். ஊதா நிறம் நிற்பது கலத்தின் நீர்ப்பையான புன்வெற்றிடத்துக்குள். இனி மூடித்துண்டின் ஒரு ஓரத்தில் உப்புத் தண்ணீர் விட்டு, மறு ஓரத்தில் வடிதாளை வைத்து இழுங்கள். சில நிமிடங்களில் நிறம் கலச்சுவரை விட்டு விலகி நடுவில் ஒடுங்கும். இதுதான் முதலுருச் சுருக்கம். உடனே நல்ல தண்ணீர் விட்டால் பெரும்பாலும் பழையபடி விரியும். உப்புக் கடுமையாகி நேரமும் போய்விட்டால் கலம் மீளாது.

யாழ் குடாநாட்டுக்கு இது பரீட்சைக் கேள்வி மட்டுமில்லை. எங்கள் கிணற்று நன்னீர், சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். உவரேறிய மண்ணில் வேரின் கலங்களுக்குத் தண்ணீரை இழுக்க முடியாது. யூரியாவை அள்ளிக் கொட்டிய இடத்தில் பயிர் கருகுவதும் இதே கணக்குத்தான்.

பனங்கள்ளில் ஒரு துளியும் நல்ல பாடம். முட்டை வடிவ மதுவக் கலங்களில் சிறு அரும்பு முளைத்திருக்கும். கலம் பெருகுவதை நேரே பார்க்கலாம். முட்டியில் சுண்ணாம்பு பூசினால் மதுவத்தின் வேலை அடங்கிவிடும், கருப்பநீர் இனிப்பாகவே இருக்கும். வகுப்புக்குள் கள்ளா என்று அதிபர் முகம் சுளித்தால், பாணுக்குப் போடும் ஈஸ்டைச் சீனித் தண்ணீரில் கரைத்து வையுங்கள். மதுவம் உயிருள்ளது என்று 1837இல் காட்டியவர்களில் ஒருவர் தியோடர் ஷ்வான். விலங்குகளின் உடலும் கலங்களால் ஆனதுதான் என்று 1839இல் எழுதியவரும் அவரே.

அப்போது எங்கள் ஊரில் இருந்த வட்டுக்கோட்டை செமினறி என்ற உயர்கல்விக் கூடத்துக்கு 16 வயது. அது 1855இல் மூடப்பட்டது. கலத்திலிருந்துதான் கலம் தோன்றும் என்று விர்க்கோ எழுதியதும் அதே ஆண்டில். பிறகு மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அவருடைய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. செமினறி இருந்த இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியதும் அந்த ஆண்டுதான். ஆகவே விஞ்ஞானத்துக்குத் தமிழ் போதாது என்ற கதையை இந்த ஊரில் யாரும் சொல்ல வேண்டாம். கருவிதான் போதாது. முப்பது பிள்ளைகள் ஒரு நுணுக்குக்காட்டிக்கு வரிசையில் நின்றால், ஒருவருக்கு ஒரு நிமிடமும் மிஞ்சாது.

மனு பிரகாஷ் என்ற இந்திய விஞ்ஞானி ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கடதாசியை மடித்து ஒரு நுணுக்குக்காட்டி செய்தார். போல்ட்ஸ்கோப் என்று பெயர். சுமார் 140 மடங்கு பெருப்பிக்கும், சட்டைப் பையில் அடங்கும். வெங்காயத் தோலுக்கு அது தாராளம்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர்களே, அடுத்த முறை பள்ளிக்கூடத்துக்குக் காசு சேர்க்கும்போது வாசலில் இன்னொரு வளைவு வேண்டாம். பிள்ளைக்கு ஒன்றாக இந்தக் கடதாசிக் கருவியை வாங்கி அனுப்புங்கள்.