நிலம் இல்லாத ஊரில் வியாபாரம்

வர்த்தகச் சகோதரர்களே, மாசிச் சம்பலின் ருசி அறியாத வீடு நம் நாட்டில் குறைவு. அந்த மாசிக்குப் பெயர்போன மாலைதீவின் தலைநகர் மாலேயைப் பற்றி நாம் சற்று அறிந்திருப்பது நல்லது. காசு புழங்குவதால் மட்டும் ஓர் ஊர் நிலைத்துவிடாது என்பதற்கு அது நல்ல பாடம்.

மாலே முழுவதும் சுமார் 2 சதுர கிலோமீற்றர்தான். அதிலும் பெரும் பகுதி, கரையோர ஆழமற்ற கடலை மண்ணிட்டு நிரப்பிப் பெற்றது. 1972இல் உல்லாசப் பயணத்துறை ஆரம்பித்த பின் தொழில், படிப்பு, வைத்தியம் எல்லாம் தலைநகரில் குவிய, வெளித்தீவு மக்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். இடம் போதாமல் வீட்டுக்கு மேல் வீடு எழும்பியது.

ஆனால் அலையின் வேகத்தைத் தணித்து வந்ததே அந்த ஆழமற்ற கடல்தான். 1987இல் பேரலைகள் ஊருக்குள் புகுந்தன. பிறகு ஜப்பானின் உதவியோடு கரையைச் சுற்றிக் கொங்கிரீட் தடுப்பு அமைத்தார்கள். 2004 சுனாமியில் தண்ணீர் ஊருக்குள் வந்தாலும், பெரும் அழிவைத் தடுத்தது அதுவே.

சனம் பெருகியதும் கிணற்று நீர் கெட்டது. கடல் நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விட்டார்கள். 2014 டிசம்பரில் அந்த நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரு இலட்சம் பேர் குடிநீரின்றித் தவிக்க, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. குப்பை கொட்ட 1992 முதல் திலபுஷி என்ற இடத்தையே ஒதுக்கினார்கள். நெருக்கம் தாங்காமல் 1997இல் ஹுல்ஹுமாலே என்ற புதுத் தீவை நிரப்பத் தொடங்கினார்கள். அதற்குப் போகும் பாலம் 2018இல் திறக்கப்பட்டது.

இதை நான் லக்கலையிலிருந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மாலேக்காரர் நிலத்துக்காகக் கடலை நிரப்பினார்கள். இங்கே களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரத்தையே தண்ணீருக்கு விட்டுக்கொடுத்தோம். இப்போது புதிய நகரத்தில் கடை திறக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சனம் வருமா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். அதோடு மழைநீர் எந்த வழியால் வடியும், குப்பை எங்கே போகும், குழாய் நின்றால் மாற்று வழி என்ன என்பதையும் கேளுங்கள். புது ஊரில் இவற்றை ஆரம்பத்திலேயே ஒழுங்குபடுத்துவது இலகு. கட்டடங்கள் நெருங்கிய பின் செய்யப் போனால் என்ன செலவாகும் என்பதை மாலே காட்டிவிட்டது.

முற்பணம் கொடுக்குமுன் ஒரு மழை நாளில் கடையடிக்குப் போய்ப் பாருங்கள்.