பூட்டு மட்டுமே பாதுகாப்பு அன்று

பள்ளியோ மருத்துவமனையோ வணிக வளாகமோ, பாதுகாப்பு என்றதும் நம் நினைவுக்கு வருபவை காவலாளி, கண்காணிப்பு கேமரா, பூட்டிய கதவு ஆகியவையே. அந்நியர் நுழைந்துவிடக் கூடாது என்ற கவலையில் பிறந்தவை இவை. ஆபத்து நேர்ந்தால் உள்ளே இருப்போர் வெளியேற முடியுமா என்று நாம் அந்த அளவுக்குக் கேட்பதில்லை. கட்டடத்தின் பாதுகாப்பை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

காக்க வேண்டியது எது, அதற்கு எவற்றால் ஆபத்து, அந்த ஆபத்துக்கு இடம்கொடுக்கும் பலவீனம் எங்கே, நேர்ந்தால் இழப்பு எவ்வளவு ஆகிய நான்கையும் ஆராய்வதே மதிப்பீடு. அடிக்கடி நிகழும் சிறு திருட்டைவிட, அரிதாக நிகழ்ந்தாலும் பல உயிர்களைப் பறிக்கக்கூடிய ஆபத்துக்கே அதில் முதலிடம் தர வேண்டும்.

1997 ஜூன் 13 அன்று தில்லி உபஹார் திரையரங்கின் தரைத்தள மின்மாற்றியில் பற்றிய தீயின் புகை, மாடி இருக்கைப் பகுதியைச் சூழ்ந்தது. கூடுதல் இருக்கைகளுக்காக அங்கே ஒரு பக்க வழி அடைக்கப்பட்டிருந்தது. 59 பேர் உயிரிழந்தனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநலம் பாதிக்கப்பட்டோர் தங்கியிருந்த கொட்டகை எரிந்து 28 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையற்கூடத் தீ பள்ளியின் கீற்றுக் கூரைக்குப் பரவி, 94 குழந்தைகளைப் பலிகொண்டது. இம்மூன்று இடங்களிலும் பகைவர் எவரும் வெளியிலிருந்து நுழையவில்லை.

வெளியேறும் கதவுகளை உள்ளிருந்து சாவியின்றித் திறக்க இயல வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. திருட்டுக்கு அஞ்சுவோருக்கும் இதில் வழி உண்டு. வெளியிலிருந்து திறக்க முடியாத, உள்ளிருந்து குறுக்குப் பட்டையை அழுத்தினாலே திறந்துகொள்ளும் கதவுகள் இருக்கின்றன.

வரைபடத்தை மட்டும் பார்த்துச் சான்றளிப்பது மதிப்பீடாகாது. கூட்டம் நிறைந்த வேளையிலும் நள்ளிரவிலும் வளாகத்தை நடந்து பார்க்க வேண்டும். அவசர வழியில் அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டுள்ளனவா, இரவில் சாவி யாரிடம் இருக்கிறது, சக்கர நாற்காலியில் இருப்பவரை யார் கீழே இறக்குவார் என்பவையெல்லாம் நேரில் சென்றால்தான் தெரியும்.

அந்த அறிக்கை அலுவலக அலமாரியில் உறங்காமல், வளாகத்தைப் பயன்படுத்துவோர் பார்வைக்கு வர வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் செல்லும் பெற்றோரும், கேமராக்கள் எத்தனை என்று கேட்பதோடு நின்றுவிடாமல், மாடியிலிருந்து இறங்க இரண்டாவது படிக்கட்டு எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.